கோடு சரி, நிழல் தவறு: கிராஃப் கணக்கில் மதிப்பெண் போகும் இடங்கள்

பெங்களூரில் 2025 ஆகஸ்ட் 1 முதல் மீட்டர் ஆட்டோவுக்கு முதல் 2 கிலோமீட்டர் வரை 36 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். ஒன்பதாம் வகுப்பு நேரியல் சமன்பாட்டுக்கு (கிராஃபில் நேர்கோடாக வரும் சமன்பாடு) இதைவிடப் பொருத்தமான உதாரணம் இந்த ஊரில் கிடைக்காது.

கட்டணம் = 36 + 18 × (தூரம் − 2). சுருக்கினால் கட்டணம் = 18 × தூரம். இங்கேதான் பிள்ளைகள் அவசரப்பட்டு ஆதிப்புள்ளியிலிருந்தே, அதாவது (0, 0)-இலிருந்தே, கோட்டை இழுத்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டை நம்பினால் அரை கிலோமீட்டருக்கு 9 ரூபாய்தான் வரும். மீட்டரோ 36 காட்டும். சமன்பாடு தவறில்லை, அது 2 கிலோமீட்டருக்குப் பிறகுதான் செல்லும். அதுவரை 36 என்ற உயரத்தில் கிடைக்கோடு, (2, 36) என்ற புள்ளியிலிருந்து சாய்கோடு. முன்பு கிலோமீட்டருக்கு 15 ரூபாயாக இருந்தது, இப்போது 18. அந்த 15-ம் 18-ம்தான் சாய்வு, அதாவது ஒரு கிலோமீட்டருக்குக் கோடு ஏறும் அளவு. 5 கிலோமீட்டரில் பழைய கோடு 75-ஐத் தொடும், புதியது 90-ஐ.

ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும் என்பது உண்மை. ஆனாலும் மூன்றாவது புள்ளியைக் கண்டிப்பாகக் குறியுங்கள். மூன்றும் ஒரே கோட்டில் விழாவிட்டால் பிழை உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது குறை எண்ணைப் பிரதியிடும்போது வந்த பிழை, அல்லது (2, 3)-ஐ (3, 2) என்று இடம் மாற்றிக் குறித்தது. அச்சில் 0, 5, 10, 20 என்று இடைவெளி ஒழுங்கில்லாமல் எழுதினாலும் கோடு வளையும்.

அசமன்பாட்டுக்கு வருவோம். இதில் சமக்குறிக்குப் பதில் ≤, ≥ போன்ற குறி இருக்கும்; விடை கோட்டின் ஒரு பக்கப் பகுதி, அதைத்தான் நிழலிட்டுக் காட்டுவோம். அல்சூரில் ஒரு கடையில் தட்டு இட்லி 40 ரூபாய், காபி 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் 200 ரூபாய். 40 × இட்லி + 20 × காபி ≤ 200. 20-ஆல் வகுத்தால் 2 × இட்லி + காபி ≤ 10. இட்லியைக் கிடையச்சில் வைத்தால் கோடு (5, 0), (0, 10) வழியே போகும். இட்லி 3, காபி 4 என்றால் சரியாக 200, புள்ளி கோட்டிலேயே இருக்கிறது. இட்லி 3, காபி 5 என்றால் பணம் போதாது. ‘200-க்கும் குறைவாக’ என்று கேட்டிருந்தால் கோட்டிலேயே உள்ள புள்ளிகள் விடையில் சேராது. அதனால் அதைப் புள்ளிக்கோடாக வரைய வேண்டும். இட்லியும் காபியும் குறை எண்ணாக முடியாது, ஆகவே முதல் கால்பகுதி (அச்சுகளுக்கு வலது மேல் பக்கம்) மட்டும். அதிலும் அரைத் தட்டு விற்கமாட்டார்கள் என்றால், ஒன்றும் வாங்காததையும் சேர்த்து விடை 36 முழு எண் புள்ளிகள்தான். நிழலிட்ட பகுதி முழுவதும் விடையல்ல.

எந்தப் பக்கம் நிழலிடுவது? ‘சிறியது என்றால் கீழே’ என்ற மனப்பாடம்தான் அதிகம் கெடுக்கிறது. 2எக்ஸ் − ஒய் ≤ 4 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குறி ‘சிறியது’ என்கிறது, ஆனால் நிழல் கோட்டுக்கு மேலே வர வேண்டும். ஒய்-யைத் தனியாக்கக் குறை எண்ணால் பெருக்கும்போது குறி திரும்பி ஒய் ≥ 2எக்ஸ் − 4 ஆகிவிடுகிறது. 2 < 5 என்பதை −1-ஆல் பெருக்கினால் −2 > −5 ஆவது இதே காரணத்தால்தான். நிழலிடும் முன் (0, 0)-ஐப் போட்டுப் பாருங்கள்: 0 ≤ 4 உண்மை, ஆக ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம்தான் விடை. கோடே ஆதிப்புள்ளி வழியே போனால் இந்தச் சோதனை உதவாது. கோட்டில் இல்லாத வேறொரு புள்ளியை, (1, 0) போல, எடுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு லீனியர் புரோகிராமிங்கில் (பல அசமன்பாடுகளுக்கு உட்பட்டு ஒன்றின் அதிகபட்ச அல்லது குறைந்தபட்ச மதிப்பைத் தேடும் பாடம்) இதே வேலை நான்கைந்து கோடுகளுக்கு வரும். அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் முழு நிழல் தீட்டினால் தாள் கறுத்துவிடும். சிறு அம்புக்குறியால் பக்கத்தைக் காட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியை மட்டும் கடைசியில் நிழலிடுவது நல்லது.

வெட்டும் புள்ளியைக் கண்ணால் பார்த்து எழுதுவதிலும் கவனம் தேவை. 2எக்ஸ் + ஒய் = 7, எக்ஸ் = ஒய் இரண்டும் வெட்டும் இடம் கிராஃப் தாளில் 2.3 போலத் தெரியும். பிரதியிட்டால் 6.9 வரும், 7 வராது. உண்மையான மதிப்பு 7/3. கிராஃபில் வாசித்ததை இரு சமன்பாடுகளிலும் பிரதியிட்டுப் பார்த்த பிறகே விடையாக எழுதுங்கள்.