வீக்கம் வற்றும்வரை காத்திருக்காதீர்கள்

"டொக்டர், அப்பாவுக்குக் கன்னம் வீங்கியிருக்கு. வீக்கம் வத்தினதும் பல்லைக் கழட்டக் கூட்டிக்கொண்டு வாறம். அதுவரைக்கும் எந்த அன்டிபயோடிக் குடுக்கிறது?"

கொழும்பு வெள்ளவத்தையில் பல் கிளினிக் நடத்தும் எனக்கு வட்ஸ்அப்பில் ஓயாமல் வரும் கேள்வி இது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வீக்கத்தோடேயே கூட்டிக்கொண்டு வாருங்கள், இன்றைக்கே. பாதிப் பேர் இதை நம்புவதில்லை. நேரே பாமசிக்குப் போகிறார்கள்.

அண்மையில் வந்த ஒருவரைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐம்பது தாண்டியவர், சீனி வருத்தமும் உண்டு. கீழ்த் தாடையின் கடைசிக் கொடுப்புப் பல் சூத்தை. வலித்தபோது அமொக்சிசிலின் என்ற அன்டிபயோடிக் ஒரு கோர்ஸ் போட்டிருக்கிறார். வீங்கியதும் மெட்ரோனிடசோல் என்ற வேறொரு அன்டிபயோடிக்கும் சேர்த்து இன்னொரு கோர்ஸ். இடையிடையே வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக். எல்லாமே வைத்தியரின் துண்டு இல்லாமல் வாங்கியவை. வரும்போது வாயோடு ஒரு துவாயைப் பிடித்திருந்தார், எச்சிலை விழுங்க முடியாமல். வாய் இரண்டு விரல் நுழையுமளவுகூடத் திறக்கவில்லை. நாக்கு மேலே தள்ளி அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் பலகை போல இறுகியிருந்தது. அவரைக் கதிரையில் சாய்க்கவே இல்லை. அந்த நிலையில் சாய்த்தால் மூச்சே அடைத்துவிடலாம். உட்கார்ந்தபடியே அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். வைத்தியசாலையில் மூச்சுக்குக் குழாய் போட்டு, கழுத்தை வெட்டிச் சீழை எடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

இதன் பெயர் லுட்விக் அன்ஜைனா. 1836 இல் ஜெர்மன் வைத்தியர் லுட்விக் விவரித்த நோய். அந்தக் காலத்தில் வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். காரணமான பல்லைக் கழற்ற ஆரம்பத்தில் கால் மணி நேரம் போதுமாயிருந்திருக்கும்.

சரி, "வீக்கத்தோடு பல்லைக் கழற்றக் கூடாது" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் உண்மை இருக்கிறது. பழுத்த இடத்தில் விறைப்பூசி சரியாகப் பிடிக்காது. அதனால் ஒருகாலத்தில் வைத்தியர்களே "வீக்கம் வற்றட்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்றும் சிலர் அனுப்புகிறார்கள், அது எனக்கு இன்னும் கூடுதலான வருத்தம். ஊசியை வீங்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. கீழ்த் தாடைக்கு, நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே போடுகிறோம், பல் விறைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அன்றைக்கே வேலையை முடிக்கலாம். பல்லைக் காப்பாற்றலாம் என்றால் கழற்றவும் தேவையில்லை. உள்ளே திறந்து சீழுக்கு வழிவிட்டு, ரூட் கெனல் செய்யலாம்.

அடுத்தது, "பிடுங்கினால் கிருமி தலைக்கு ஏறும்" என்பது. நடப்பது இதற்கு நேர்மாறு. கிருமியின் இருப்பிடமே அந்தப் பல்தான். உள்ளே இருந்த நரம்பும் இரத்தக் குழாயும் செத்த பிறகு அங்கே இரத்த ஓட்டம் கிடையாது. நீங்கள் விழுங்கும் மருந்து இரத்தத்தோடு ஓடுவது. இரத்தமே போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்? சுற்றியுள்ள சதையில் கொஞ்சம் அடங்கும், வலி குறையும், "சுகம் வந்திட்டுது" என்று வீட்டில் இருந்துவிடுவீர்கள். சில வாரத்தில் திரும்ப வீங்கும். மேல் வேட்டைப்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பழுத்த பல்லைப் பிடுங்காமல் விட்டால்தான், அரிதாகவேனும், சீழ் கண்ணைச் சுற்றியும் அதற்குப் பின்னாலும் பரவக்கூடும்.

அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது: உடனே பல்லுக்குச் சிகிச்சை செய்ய முடியுமென்றால், மற்றபடி ஆரோக்கியமானவர்களின் பல் வலிக்கும் பல்லோடு நின்ற வீக்கத்துக்கும் பெரும்பாலும் அன்டிபயோடிக் தேவையில்லை. காய்ச்சல் வந்தால், வீக்கம் பரவினால் கட்டாயம் கொடுப்போம். சிகிச்சையோடு சேர்த்து, சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவர்களுக்குப் இதயத்தில் கிருமி தொற்றாமலிருக்க, பல் கழற்றும் முன் ஒரு வேளை அன்டிபயோடிக் கொடுப்பது வேறு கணக்கு. அதைத் தவறவிடக் கூடாது.

என் மனக்குறை என்னவென்றால், எங்கள் சனம் பயப்பட வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறது. ஒரு பல்லுக்கு எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, இயற்கையாகவே ஒரு நாளில் நம் உடம்பில் படும் அளவை ஒட்டியது. இங்கிருந்து லண்டனுக்குப் பறந்தால் அதைவிடக் கூடுதலாகப் படும். அதற்கு "வேண்டாம் டொக்டர்" என்பார்கள். டைக்ளோஃபெனாக்கை மட்டும் மிட்டாய் மாதிரி விழுங்குவார்கள். அது வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். சீனியும் பிரஷரும் உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொழும்பில் டெங்கு ஓயாத காலத்தில், காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்குப் "பல் வலிக்குது" என்று அதைக் கொடுக்கிறார்கள். டெங்கு என்றால் இரத்தக் கசிவை அது கூட்டிவிடும், தயவுசெய்து கொடுக்காதீர்கள். பனடோல் (பரசிட்டமோல்) போதும், பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் 8க்கு மேல் போகக் கூடாது.

இரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மெட்ரோனிடசோலைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது, இரத்தம் உறையும் அளவு குழம்பிவிடும். அதே காரணத்துக்காக அஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவர்கள் "பல் கழட்டப் போறம்" என்று தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். நிறுத்தாதீர்கள்! பல் கழற்றிய இடத்து இரத்தத்தைப் பஞ்சை அழுத்தியோ தையல் போட்டோ நான் நிறுத்துவேன். இதயத்திலோ மூளையிலோ இரத்தம் கட்டினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கர்ப்பிணிகளும் பல்லைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. விறைப்பூசி போட்டுச் சிகிச்சை செய்யலாம், நடு மூன்று மாதம் வசதியான காலம். கடைசி மாதங்களில் டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறீர்கள் என்பது தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அப்படி வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பாமசியில் மூன்று தடவை கொடுக்கும் காசு சிகிச்சைக்குக் கிட்ட வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் கொழும்பு 7 இல் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்கத்தினுடையது, இலவசம். காலையில் நேரத்தோடு போங்கள். வரிசை இருக்கும், நின்றாவது காட்டுங்கள்.

வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, நாக்குக்கு அடியில் அல்லது கழுத்தில் வீக்கம், கண் இமை வீங்கி மூடுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் திறக்கும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் படுக்க வைக்காதீர்கள், உட்கார வைத்தே கொண்டுபோங்கள். அதுவரை போட்ட எல்லா மாத்திரைக் கார்டுகளையும், வெறும் கார்ட் என்றாலும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை" என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது.