எலிக்குச் சுகமாம், அப்பாவுக்கு?

"எலிக்கு நடுக்கம் நிண்டிட்டுதாம், அப்பாவுக்கும் பூனைக்காலித் தூள் குடுப்பமோ?" பூனைக்காலிக் கொடியின் விதைத்தூள் பார்க்கின்சன் நோய் (கைகால் நடுங்கி விறைக்கும் மூளை நோய்) உள்ள எலியைச் சுகப்படுத்தியதாக வைபரில் வந்த செய்தியைக் காட்டி கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. எலியில் எதை, எப்படி அளந்தார்கள் என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்த எலிக்குப் பார்க்கின்சன் நோய் தானாக வந்ததில்லை. பெரும்பாலும் மூளையின் ஒரு பக்கத்தில் 6-ஹைட்ரொக்சிடோபமின் என்ற நஞ்சை ஏற்றி, உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்களை அழித்திருப்பார்கள். வலப்பக்கம் அழிந்தால் இடது முன்கால் சோரும்.

அந்தச் சோர்வை அளப்பது உருளைச் சோதனை. சுமார் 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்) உருளைக்குள் எலியை 5 நிமிடம் விட்டு வீடியோ எடுப்பார்கள். பின்கால்களில் எழும்பிச் சுவரில் ஊன்றும்போது இடதா, வலதா, இரண்டுமா என்று எண்ண வேண்டும். சுகமான எலி இரண்டையும் ஏறக்குறையச் சமமாக ஊன்றும். தொடுகை 20 கூட வராவிட்டால் அந்தக் கணக்கை நம்பக்கூடாது. அடிக்கடி விட்டால் எலி இடம் பழகி, எழும்பாமல் குந்தியிருக்கும். முந்திய எலியின் மூத்திரத்தை 70% எதனோலால் துடைக்காவிட்டால் அடுத்தது அதையே மணந்துகொண்டு நிற்கும். எந்த எலிக்கு மருந்து கொடுத்தது என்று தெரிந்தவர் எண்ணினால், அரைத் தொடுகையும் முழுத் தொடுகையாகிவிடும்.

சுழலும் தண்டில் ஓடவிடும் சோதனையின் கோளாறு வேறு. 5 நிமிடத்தில் வேகம் நிமிடத்துக்கு 4 சுற்றிலிருந்து 40 சுற்றுக்கு ஏறும். பாரமான எலி சுகமாக இருந்தாலும் முந்தி விழும். மெலிந்தது கூடநேரம் நிற்கும். மருந்து பசியைக் கெடுத்து எலியை மெலிய வைத்திருந்தாலும் அட்டவணையில் அது "முன்னேற்றம்" என்றே வரும். எங்கள் ஆவணி வெக்கையில், வெளியே ஜெனரேற்றர் இரைய எடுத்த அளவைக் காலைக் குளிரில் எடுத்ததோடு ஒப்பிடவும் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், மூலிகையை எப்போது கொடுத்தார்கள் என்பது. நஞ்சுக்கு முன்பே கொடுத்திருந்தால், இருந்த கலங்களை அது காத்தது என்பதே பொருள். அப்பாவுக்கு வரம்பில் ஏறும்போது கால் இழுபடத் தொடங்கும் நேரம், அந்தக் கலங்களில் கணிசமான பங்கு போய்விட்டிருக்கும்.

பூனைக்காலி விதையில், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா உண்மையிலேயே உண்டு. எங்களுக்குப் பயமும் அதனால்தான். பார்க்கின்சனுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் குளிசையிலும் அதுவே இருக்கிறது. தூளில் எவ்வளவு என்பது விதைக்கு விதை மாறும். இரண்டும் சேர்ந்தால் வாந்தி, எழும்பும்போது தலைசுற்று, கைகால் தானாக முறுகி ஆடுதல் எல்லாம் வரலாம். குளிசையைத் திடீரென நிறுத்துவது இன்னும் மோசம்: உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிராபத்து வரைக்கும் போகலாம். தூள் ஏற்கனவே குடித்திருந்தால் ஒளிக்காமல் அந்தப் பைக்கற்றையே அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள்.