பாஸ்டோரலிசம்: ‘கால்நடை வளர்ப்பு’ என்று எழுதினால் போதுமா?

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. அதையொட்டி ‘பாஸ்டோரலிசம்’ என்ற சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வரும்போது, பலரும் ‘கால்நடை வளர்ப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கொட்டிலில் கட்டிவைத்துத் தீவனம் போடுவதும் கால்நடை வளர்ப்புதானே? பாஸ்டோரலிசத்தில் தீவனம் ஆட்டைத் தேடி வருவதில்லை. ஆடுதான் தீவனத்தைத் தேடி நடக்கிறது, பின்னாலேயே மனிதரும் நடக்கிறார்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பாஸ்கெரே’ என்றால் மேய்ப்பது, ஊட்டுவது. அதைச் செய்பவர் ‘பாஸ்தோர்’. கிறித்தவ சபைகளில் வழங்கும் ‘பாஸ்டர்’ இதுவேதான். மந்தையைக் காப்பவர் என்ற பொருள் மனிதர் கூட்டத்துக்கு ஏறிவிட்டது. கத்தோலிக்கத் தமிழில் பிஷப்பை ‘ஆயர்’ என்பதும் அதே உருவகம்தான்.

நம்மிடம் இதற்கு ஈடான வேர் ‘மேய்’. ஆடு மேய்ந்தது, அவர் ஆட்டை மேய்த்தார். விலங்கு செய்வதும் மனிதர் செய்விப்பதும் ஒரே வேரில் நிற்கின்றன, மாறுவது ஓர் எழுத்துதான். இந்தத் தொழிலின் இயல்பே அதுதான் என்று எனக்குத் தோன்றும். ஆடு எதைத் தின்ன வேண்டும் என்று மேய்ப்பவர் கட்டளையிடுவதில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பதைத்தான் அவர் பார்த்துக்கொள்கிறார்.

வறண்ட நிலத்தில் அந்தப் பார்வைக்கு மதிப்பு அதிகம். அங்கே மழை திட்டுத்திட்டாகப் பெய்யும். ஒரு மேட்டில் புல் தளிர்த்திருக்கும், அடுத்த மேடு காய்ந்து கிடக்கும். இளந்தளிரில்தான் புரதம் கூடுதல், முற்றிவிட்டால் குறைந்துவிடும். ஆக, மழை பெய்த இடத்துக்கு உரிய நாளில் போய்ச் சேருவதே பாதி மேலாண்மை. மந்தை நகர்ந்துவிட்டால் மேய்ந்த இடத்தில் புல் மறுபடி எழ அவகாசமும் கிடைக்கிறது. செம்மறியையும் வெள்ளாட்டையும் சேர்த்து வைத்திருப்பதும் யோசித்துச் செய்வதுதான். செம்மறி தலையைக் குனிந்து தரைப்புல்லை மேயும். வெள்ளாடு நிமிர்ந்து, வேண்டுமானால் பின்னங்காலில் நின்று, குழையையும் முள்மரத்துக் காயையும் எட்டிப் பறிக்கும். இரண்டும் ஒரே நிலத்தில் பெரிதாகப் போட்டியில்லாமல் வயிறு நிரப்பிக்கொள்ளும். புல் பொய்த்த வருடத்தில் வெள்ளாடு தாக்குப்பிடிக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு ‘நாடோடி வளர்ப்பு’ என்று எழுத மனம் வருவதில்லை. திக்கில்லாமல் அலைவது போன்ற தொனி அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. பருவத்துக்குப் பருவம் தெரிந்த வழியில் மந்தையோடு போய்த் திரும்புவதற்கு ‘வலசை’ நல்ல சொல். எதிரிப் படைக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போவது என்பது அதன் பழைய அகராதிப் பொருள். இன்று பறவைகளால் பலருக்கும் பழகிவிட்டது. ஆனால் எல்லா மேய்ப்பர்களும் வலசை போவதில்லை. காலையில் ஓட்டிப் போய் மாலையில் பட்டிக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. அதனால் வலசையை ஒரு வகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, பொதுச்சொல்? ‘ஆயர் வாழ்வு’ அழகுதான், ஆனால் ‘ஆ’ என்றால் பசு. ஆட்டுக்காரர் வெளியே நின்றுவிடுவார். ‘இடையர்’ சாதிப்பெயராகவும் வழங்குகிறது. என் தேர்வு ‘மேய்ச்சல் வாழ்வு’. தொழிலை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘மேய்ச்சல் தொழில்’, ஆளைக் குறிக்க ‘மேய்ப்பர்’.

இதன் கூடவே வரும், மந்தைகள் மேயும் பரந்த நிலத்தைக் குறிக்கும் ‘ரேஞ்ச்லேண்ட்’ என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். அதைத் ‘தரிசு’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. தரிசு என்றால் உழாமல் விட்ட நிலம். ஏட்டில் அப்படி ஏறிவிட்டால் யாருக்கும் பயன்படாத மண் என்று ஆகிவிடும், அப்புறம் வேறு எதற்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். ‘புல்வெளி’யும் முழுதாகப் பொருந்தாது, புதரும் முள்மரமும் கல்லும் கலந்த நிலத்துக்கும் ‘ரேஞ்ச்லேண்ட்’ என்ற பெயர் உண்டு. ‘மேய்ச்சல் நிலம்’ என்றே எழுதுவோம். அந்த நிலத்தால் யார் வாழ்கிறார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது.