எதிர்க்காற்றில் ஏறும் பருந்து

ஸ்வீடன் கடற்படையில் 1947 முதல் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு பாய்க்கப்பல்களின் பெயர்கள் கிளாடன், ஃபால்கன். பருந்து, வல்லூறு என்று பொருள். எஃகு உடல், இரண்டு பாய்மரம், 220 டன் சொச்சம் எடை. இரண்டும் ஒரே அச்சு. ஏவுகணைக் காலத்திலும் இளம் மாலுமிகள் இவற்றில்தான் காற்றைப் படிக்கிறார்கள்.

இவற்றுக்கு முந்திய தலைமுறைப் பயிற்சிக் கப்பல், 1900-இல் கார்ல்ஸ்க்ரூனா தளத்தில் கடலில் இறங்கிய யாரமாஸ். பெயருக்கு ஒரு கதை உண்டு. ஸ்வீடன் அரசர் 12ஆம் சார்லஸ் துருக்கி மண்ணில் அடைக்கலம் புகுந்திருந்தபோது அவருடைய அடாவடியைப் பார்த்து, அங்குள்ளவர்கள் 'யாரமாஸ்', அதாவது குறும்புக்காரன் என்றார்களாம். மனுஷன் கோபப்படவில்லை, 1716-இல் ஒரு போர்க்கப்பலுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார். அந்தப் பெயர்தான் வழிவழியாக இதற்கும் வந்தது.

யாரமாஸுக்கு மூன்று பாய்மரம். சதுரப் பாய்கள் பருமலில், அதாவது பாய்மரத்தில் குறுக்காகத் தொங்கும் கட்டையில் கட்டப்பட்டு, கப்பலுக்குக் குறுக்கே விரியும். காற்று பின்னாலிருந்து வந்தால் இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. எதிரே வந்தால்தான் வம்பு. கிளாடன் ஸ்கூனர் வகை. அதன் பாய்கள் கப்பலின் நீளவாக்கில் நிற்கும். பக்கவாட்டில் சாய்ந்து வரும் காற்று இந்தப் பாயின் வளைவில் திரும்பிப் போகும்போது, பாயை ஓரமாகத் தள்ளுகிறது, கொஞ்சம் முன்னாலும் தள்ளுகிறது. ஓரத் தள்ளலை ஏரா, அதாவது தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் அடிக்கட்டை, தடுத்துவிடும். மிச்சம் முன்னோக்கிய விசை. ஊறிய புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு பாயும் இல்லையா? இங்கே காற்று ஒரு விரல், தண்ணீர் இன்னொன்று.

ஆனாலும் காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்க்கப்பலும் போகாது. வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். சதுரப் பாய்க்கப்பல் காற்றின் திசையிலிருந்து சுமார் 67 பாகை விலகியே ஓடும். ஸ்கூனருக்கு 50 பாகை போதும் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். 10 கடல் மைல் எதிர்க்காற்றில் ஏற ஸ்கூனர் பதினைந்தரை மைல் ஓடினால், சதுரப் பாய்க்கப்பல் 26 மைல் ஓட வேண்டும்! காற்று தள்ளுவதில் ஓரமாக நழுவும் தூரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வளையும் ஒவ்வொரு முறையும் யாரமாஸில் பருமல்களைக் கயிறு பிடித்து இழுத்துத் திருப்ப ஒரு கூட்டமே வேண்டும். பாயைச் சுருட்ட மரத்தில் ஏற வேண்டும். ஸ்கூனரில் பெரும்பாலான வேலை தளத்தில் நின்றபடியே முடிந்துவிடும். அழகில் என்னவோ எனக்கு யாரமாஸ்தான் ஒரு படி மேல்.

அது இப்போது கார்ல்ஸ்க்ரூனா கடற்படை அருங்காட்சியகத்தில் கட்டிக் கிடக்கிறது. பருந்தும் வல்லூறும் கடலில் இருக்கின்றன. ஒரே உடல், ஒரே பாய், ஒரே காற்று. ஆகவே, ஒன்றை மற்றொன்று முந்தினால் பிந்தியவர்கள் கப்பலைக் குறை சொல்ல முடியாது.