பாய்லரைக் கழற்றுவதற்கு முன்

கடந்த குளிர்காலத்தில் ஒரு முதியவர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டைச் சூடாக்கப் பல வருடம் உழைத்த கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, அதே வேலைக்கு மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "இதுக்கு அந்தப் பழைய பாய்லரே தேவலை தம்பி. ரேடியேட்டர்ல கை வச்சா சூடே தெரியல" என்றார். கூடத்தில் 17 டிகிரி. வெளியே போய் இயந்திரத்தைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. 45 டிகிரித் தண்ணீரை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது.

பாய்லர் காலத்துச் சின்ன ரேடியேட்டர்களை (சூடுதண்ணீர் ஓடி அறைக்கு வெப்பம் தரும் பலகைகள்) யாரும் தொடவில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்ற பழைய டைமரும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வெப்ப இழப்புக் கணக்குத் தாள், அதாவது குளிர் நாளில் வீட்டிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கணக்கிட்ட தாள், எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்றை யாரும் போடவே இல்லை.

ஹீட் பம்ப் பற்றி என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். பழி இயந்திரத்தின் தலையில் விழுகிறது. தவறு நடந்ததோ அதை மாட்டுவதற்கு முன்பே. மாற்ற நினைப்பவர்கள் சில விஷயங்களைத் தாங்களே தெரிந்துவைத்திருந்தால் இந்த அவதி வராது.

பாய்லர் எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது. ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை வாங்கி வீட்டுக்குள் சேர்க்கிறது. ஃப்ரிட்ஜ் உள்ளேயிருக்கும் சூட்டை எடுத்துத் தன் முதுகுப் பக்கம் விடுகிறதே, அதே வேலைதான். உறைபனிக் காற்றிலும் வெப்பம் உண்டு. குழாயில் ஓடும் குளிர்பதனப் பொருள் அந்தக் காற்றைவிடவும் குளிர்ந்திருப்பதால் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. கம்ப்ரெசர் அந்த ஆவியை அழுத்தும்போது அது சூடேறுகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. இப்படி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் வரை கிடைக்கிறது. இது நேற்று முளைத்த தொழில்நுட்பமும் இல்லை. ஜூரிச் நகர மண்டபத்தில் 1938-லேயே லிம்மாத் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்து அறைகளைச் சூடாக்கினார்கள். குளிர் நாட்டுக்கு இது சரிப்படாது என்று சொல்பவர்களிடம் நான் நார்வேயையும் ஸ்வீடனையும் ஃபின்லாந்தையும்தான் காட்டுவேன். ஐரோப்பாவிலேயே வீடுகளில் ஹீட் பம்ப் அதிகம் ஓடுவது அங்கேதான்.

ஆனால் அந்த மூன்றோ நான்கோ சும்மா கிடைத்துவிடாது. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எத்தனை டிகிரி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வெளியே 0 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரித் தண்ணீர் போதுமென்றால் இயற்பியல் அனுமதிக்கும் உச்சவரம்பு, செலவாகும் மின்சாரத்தைப் போல 8.8 மடங்கு வெப்பம். 55 டிகிரி வேண்டுமென்றால் அது 6 ஆகிறது. 70 டிகிரி கேட்டால் 5-க்கும் கீழே. நடைமுறையில் இதில் ஏறத்தாழ பாதிதான் கைக்கு வரும். ஆக, ஒரே இயந்திரம் ஒரு வீட்டில் சிக்கனமாகவும் பக்கத்து வீட்டில் மின்சாரத்தைக் குடிப்பதாகவும் இருக்க முடியும்.

தண்ணீரின் சூட்டைக் குறைத்தால் ரேடியேட்டர் தரும் வெப்பமும் குறையும், அதுவும் பலரும் நினைப்பதைவிட வேகமாக. ரேடியேட்டரின் வாட் அளவை அட்டவணையில் போடும்போது, அதற்குள் ஓடும் தண்ணீர் அறையைவிட 50 டிகிரி சூடாக இருப்பதாக வைத்துத்தான் போடுகிறார்கள். அந்த வித்தியாசம் 30 டிகிரியானால் பாதி வெப்பம்தான் வரும். 25 டிகிரியானால் 40 சதவீதம். முதியவரின் கூடத்தில் நடந்தது இதுதான்.

உங்கள் வீடு இதற்குத் தயாரா என்பதை இப்போதிருக்கும் பாய்லரை வைத்தே பார்த்துவிடலாம். நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் வேலை இது. நல்ல குளிர் வாரம் ஒன்றில், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 50 டிகிரிக்குக் குறையுங்கள். டைமரை நிறுத்திவிட்டு நாள் முழுக்க ஓட விடுங்கள். (சூடுதண்ணீர்த் தொட்டியும் அதே பாய்லரில் சூடாகிறது என்றால் இதை நிபுணரைக் கேட்டுச் செய்யுங்கள். தொட்டி நீர் வெதுவெதுப்பாகவே கிடந்தால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும்.) எந்த அறை சூடாகிறது, எது பின்தங்குகிறது என்று குறித்து வையுங்கள். பின்தங்கும் அறைகளில் பெரிய ரேடியேட்டர் வேண்டும், அல்லது சுவரும் ஜன்னலும் கூரையும் கவனிக்கப்பட வேண்டும். பல வீடுகளில் இரண்டு மூன்று ரேடியேட்டர்களை மாற்றினாலே போதும். கண்டென்சிங் பாய்லர் (புகையோடு போகும் வெப்பத்தையும் மீட்கும் வகை) வைத்திருப்பவர்களுக்கு இதில் உடனடி லாபமும் உண்டு: திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தை விட்டுக்கொடுக்கும்.

அடுத்தது அளவு. "பழைய பாய்லர் 24 கிலோவாட், அதே அளவில் ஹீட் பம்ப் வேண்டும்" என்று கேட்பவர்கள் நிறைய. காம்பி பாய்லரின் (தொட்டி இல்லாமல் வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் சூடாக்கும் வகை) 24 கிலோவாட், குழாயில் உடனுக்குடன் சூடுதண்ணீர் தருவதற்கான அளவு. வீட்டைச் சூடாக்கும் தேவை பல வீடுகளில் அதில் பாதிகூட இருக்காது. மிகக் குளிரான ஒரு நாளில் கேஸ் மீட்டரை 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். 15 கன மீட்டர் ஓடியிருந்தால், கன மீட்டருக்கு ஏறத்தாழ 10.5 கிலோவாட் மணி என்ற கணக்கில் 157 வருகிறது. பாய்லர் அதில் 85 சதவீதம் தந்தது என்றால் 134. அதை 24-ஆல் வகுத்தால் 5.6 கிலோவாட். குளிக்கவும் சமைக்கவும் செலவான கேஸும் இதற்குள் அடக்கம். இது முறையான கணக்குக்கு மாற்று இல்லை. ஒவ்வொரு அறையாக அளந்துதான் வெப்ப இழப்பைக் கணக்கிட வேண்டும். ஆனால் ஒருவர் வந்து உங்களுக்கு 14 கிலோவாட் இயந்திரம் விற்கப் பார்த்தால் ஏன் என்று கேட்க இந்த எண் போதும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். தேவைக்கு மீறிய இயந்திரம் மிதமான குளிரில் நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று ஓடும். செயல்திறன் போகும், கம்ப்ரெசரும் சீக்கிரம் தேயும்.

குழாய்களையும் பார்க்க வேண்டும். பாய்லரில் தண்ணீர் போகும்போதும் திரும்பும்போதும் 20 டிகிரி வித்தியாசம் வைப்பது வழக்கம். ஹீட் பம்பில் அது 5 டிகிரி அளவில்தான் இருக்கும். அதே வெப்பத்தைச் சுமக்க நான்கு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். 8, 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய்கள் உள்ள வீடுகளில் இது நிஜமான தடை. பழைய அமைப்பில் படிந்த கரும் சேற்றைக் கழுவி, காந்த வடிகட்டி போட்ட பிறகே புதியதை இணைக்க வேண்டும்.

காம்பி பாய்லர் இருந்த வீட்டில் சூடுதண்ணீர்த் தொட்டிக்கு இடம் தேட வேண்டியிருக்கும். இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு துணி அலமாரியைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வைக்கும் பெட்டிக்கு முன்னும் பின்னும் காற்று தாராளமாக ஓட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்து வெப்பநிலை 0 முதல் 5 டிகிரிக்குள் இருக்கும் நாட்களில் அதில் உறைபனி படியும். அதை உருக்க இயந்திரம் சில நிமிடம் எதிர்த்திசையில் ஓடும். அப்போது எழும் ஆவியைப் புகை என்று நினைத்துப் பதறிப்போய்க் கூப்பிடுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உருகிய நீர் நடைபாதையில் ஓடி மறுபடி உறைந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். வடிகால் கட்டாயம் வேண்டும். இப்போது வரும் பல இயந்திரங்களில் குளிர்பதனப் பொருள் புரோபேன். சூழலுக்கு நல்லது: கரியமில வாயுவை 1 என்று வைத்தால், ஆர்410ஏ என்ற பழைய குளிர்பதனப் பொருளின் புவி வெப்பமாக்கும் திறன் 2,000-க்கு மேல், இதன் திறன் 3 அளவில்தான். ஆனால் எரியக்கூடியது, காற்றைவிடக் கனமானது. ஜன்னல், கதவு, சாக்கடைத் துளை, நிலவறைத் திறப்பு ஆகியவற்றிலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தில் ஒரு அடிகூடக் குறைக்க விடாதீர்கள்.

செலவு மிச்சமாகுமா என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். கணக்கு எளிது. ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை ஒரு யூனிட் கேஸின் விலையால் வகுத்து, பாய்லரின் திறனால் பெருக்குங்கள். மின்சாரம் கேஸைவிட மூன்று மடங்கு விலை, பாய்லர் திறன் 0.9 என்றால் 2.7. உங்கள் ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தரும் வெப்பத்தின் வருடச் சராசரி அதற்கு மேல் இருந்தால் மிச்சம், கீழே இருந்தால் நஷ்டம். விளம்பரத் தாளில் உள்ள எண்ணை இங்கே போடாதீர்கள். உங்கள் வீட்டுக்குத் திட்டமிட்ட தண்ணீர்ச் சூட்டில் என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

முதியவர் வீட்டில் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் பெரிய ரேடியேட்டர் மாட்டினோம். டைமரை எடுத்துவிட்டு, வெளிக்குளிருக்கேற்ப தண்ணீரின் சூடு தானே ஏறி இறங்கும்படி அமைத்தோம். காலையில் அணைத்து மாலையில் விரட்டி ஓட்டுவது பாய்லருக்குப் பழகிய வழி. ஹீட் பம்ப் மெதுவாக, விடாமல் ஓடினால்தான் நன்றாக உழைக்கும். அடுத்த முறை போனபோது கூடத்தில் 21 டிகிரி. "இப்பவும் ரேடியேட்டர் சுடலையே" என்று சந்தேகத்தோடுதான் சொன்னார், ஆனால் கம்பளி மடித்து ஓரமாக இருந்தது.

நடுக்குளிரில் பாய்லர் நின்றுபோன பிறகு கூப்பிடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. குழந்தைகள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது அறை அறையாக அளக்க யாருக்கும் பொறுமை இருக்காது. மறுநாளே கிடைக்கும் இன்னொரு பாய்லரை மாட்டிவிட்டு அடுத்த பதினைந்து வருடம் அதோடு ஓட்டுவார்கள். உங்கள் பாய்லருக்குப் பத்து வயது தாண்டிவிட்டதென்றால், இந்தக் குளிரில் 50 டிகிரிச் சோதனையைச் செய்து குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு கோடையில் கூப்பிடுங்கள். அப்போது நிதானமாகக் கணக்குப் போட எங்களுக்கும் நேரம் இருக்கும்.