முகதாட்சண்யம் இல்லாத இடத்தில்: துப்பாக்கி உரிமையும் திரையில் முறியும் நட்பும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் நாள் ஊரே சேர்ந்து கொண்டாடும் நாள். நவம்பர் மாதத்து நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை வேட்டை தொடங்குவது பல பத்தாண்டுகளாக அங்கே வழக்கமாக இருந்தது. 2019இல் அது சனிக்கிழமைக்கு மாற்றப்பட்ட பிறகும், கிராமப்புறப் பள்ளிகள் பல அந்தத் திங்கட்கிழமை விடுமுறை விடுகின்றன. விடியுமுன் அப்பாவோடு காட்டுக்குப் போய், குளிரில் அசையாமல் காத்திருந்து, துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எப்போது பிடிக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டது அந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குக் குடும்ப நினைவு. அதே மாநிலத்தின் பெருநகரமான பிலடெல்பியாவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் 562 பேர் கொலை செய்யப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்கள்.

இப்போது, அந்தக் கிராமத்துப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த இரண்டு தோழிகளை நினைத்துக்கொள்வோம். ஒருவர் ஊரிலேயே தங்கிவிட்டார். அவசரத்துக்கு அழைத்தால் காவல்துறை வண்டி வந்து சேர வெகுநேரம் ஆகும் தனிவீடு அவருடையது. மற்றவர் பிலடெல்பியாவில் ஆசிரியையாகிவிட்டார். சுடப்பட்டு இறந்த அண்ணனுக்கோ மாமாவுக்கோ அழுத பிள்ளைகள் அவர் வகுப்பில் இருக்கிறார்கள். 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி நகரில் ஒரு தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட இரவில், இருவரும் ஃபேஸ்புக்கில் எழுதுகிறார்கள். “துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோர் கையிலும் இந்தப் பிள்ளைகளின் ரத்தம் இருக்கிறது” என்கிறார் ஆசிரியை. “என் பிள்ளைகளைக் காப்பாற்ற நானே போதும், என் துப்பாக்கியைத் தொட யாருக்கும் உரிமை இல்லை” என்கிறார் ஊரில் இருப்பவர். ஒரு வாரத்துக்குள் ஒருவர் நட்புப் பட்டியலில் மற்றவர் இல்லை. இந்த இருவரும் என் கற்பனைதான் என்றாலும், 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டது முதல், ஒவ்வொரு பெரிய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் அமெரிக்காவில் இப்படி நட்புகள் அறுந்துகொண்டே வருகின்றன.

அது எப்படி நடக்கிறது என்பதை அறிவியல் ஓரளவு தெளிவாகவே விளக்குகிறது. அந்த இருவரில் ஒருவர் கெட்டவர் என்றோ, நட்பு அவ்வளவுதான் என்றோ முடிவுகட்டுவதற்கு முன் அந்த விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், ஏன் துப்பாக்கி? வரி விகிதத்தைப் பற்றியும் இரு நண்பர்கள் சண்டையிடலாம். ஆனால் அதற்காக உறவை முறித்துக்கொள்பவர்கள் குறைவு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791இல் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. அது தனிமனிதரின் உரிமையே என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்தைவிட ஆழமான ஒன்று இதில் இருக்கிறது. பியூ ஆய்வு மையம் 2017இல் நடத்திய கணக்கெடுப்பில், துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 74 விழுக்காட்டினர் அந்த உரிமை தங்கள் சுதந்திர உணர்வுக்கு இன்றியமையாதது என்றனர். வைத்திராதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 35 விழுக்காட்டினர். அதே கணக்கெடுப்பில், தமக்குத் தெரிந்த ஒருவராவது சுடப்பட்டிருக்கிறார் என்று அமெரிக்கர்களில் 44 விழுக்காட்டினர் கூறினர். 2023இல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 விழுக்காட்டினர் தற்காப்பையே முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டனர். ஆக, இரண்டு பக்கத்திலும் பேசுவது தன் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற அச்சம்தான். எதிர்ப்பக்கம் சொல்வது வேறொரு கொள்கையாக இவர்கள் காதில் விழுவதில்லை. “உன் பிள்ளைக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலை இல்லை” என்றே விழுகிறது.

இத்தகைய கருத்துகளை உளவியலாளர்கள் அறப்பற்றுகள் என்று தனியே பிரித்து வைக்கிறார்கள். சிகாகோவில் உள்ள இலினாய் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஸ்கிட்காவும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு கருத்து எவ்வளவு வலுவானது என்பதும் அது அறம் சார்ந்ததாக உணரப்படுகிறதா என்பதும் வெவ்வேறு செய்திகள் என்று காட்டினார்கள். அறம் சார்ந்ததாக உணரப்படும் ஒரு விஷயத்தில் தம்மோடு மாறுபடுபவரிடமிருந்து மக்கள் விலகி நிற்க விரும்புகிறார்கள். ஒரே அறையில் இருந்தால்கூடச் சற்றுத் தள்ளியே உட்காருகிறார்கள்.

“சரி, புள்ளிவிவரத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்களா” என்று கேட்கத் தோன்றும். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கஹானும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்த விதம் மிகவும் நுட்பமானது. எனவே அதைச் சற்று நின்று பார்ப்போம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் முதலில் எளிய கணக்குகள் கொடுத்து அவர்களின் கணிதத் திறன் அளக்கப்பட்டது. பிறகு ஒரு பகுதியினரிடம், தோல் தடிப்புக்கான ஒரு களிம்பைப் பற்றிய அட்டவணை தரப்பட்டது. களிம்பு பூசியவர்களில் 223 பேருக்குக் குணமானது, 75 பேருக்கு மோசமானது; பூசாதவர்களில் 107 பேருக்குக் குணமானது, 21 பேருக்கு மோசமானது. களிம்பு பலன் தருகிறதா? 223 என்ற பெரிய எண்ணைக் கண்டதும் “ஆம்” என்றுதான் வாயில் வரும். ஆனால் வகுத்துப் பார்த்தால், பூசியவர்களில் குணமடைந்தோர் சுமார் 75 விழுக்காடு, பூசாதவர்களில் சுமார் 84 விழுக்காடு. களிம்பு கெடுதலே செய்திருக்கிறது. கணக்கில் தேர்ந்தவர்கள் இதை மற்றவர்களைவிட அதிகமாகக் கண்டுபிடித்தார்கள்.

மற்றொரு பகுதியினருக்கும் அதே எண்கள்தாம் கொடுக்கப்பட்டன. தலைப்பு மட்டும் மாறியது. பொது இடங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்த நகரங்களில் குற்றம் கூடியதா, குறைந்ததா என்பது இப்போது கேள்வி. கணக்கில் தேர்ந்தவர்கள் அதே தேர்ச்சியை இங்கும் காட்டியிருக்க வேண்டும். நடந்தது வேறு. விடை தம் அரசியல் சார்புக்கு ஏற்றதாக இருந்தபோது அவர்கள் சரியாகக் கணக்கிட்டார்கள். எதிராக இருந்தபோது, முதல் பார்வையில் தோன்றிய தவறான விடையோடு நின்றுவிட்டார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் ஆதரிக்கும் தாராளவாதிகளிடமும், பெரும்பாலும் எதிர்க்கும் பழமைவாதிகளிடமும் இது காணப்பட்டது. கணிதத் திறன் கூடியபோது இரு தரப்புக்கும் இடையே இருந்த பிளவு குறையவில்லை, அகன்றது. படித்த நண்பர்கள் இருவர் ஒருவருக்கொருவர் ஆய்வறிக்கைகளை அனுப்பிக்கொண்டு, “இதைப் பார்த்த பிறகுமா?” என்று வியந்து மனம் கசந்துபோவதன் காரணம் இதில் இருக்கிறது.

ஆனால் இந்த வேற்றுமை சமூக ஊடகம் வருவதற்கு முன்பும் இருந்ததுதானே? அப்போதும் ஊரில் இருந்தவரும் நகரம் போனவரும் திருமண வீட்டிலோ பள்ளி மறுசந்திப்பிலோ சந்தித்தார்கள். பேச்சு துப்பாக்கிப் பக்கம் திரும்பினால் ஒருவர் முகம் சுருங்குவதைக் கண்டு மற்றவர் குரலைத் தாழ்த்தினார். தமிழில் இதற்கு முகதாட்சண்யம் என்று அழகான ஒரு சொல் இருக்கிறது: எதிரே ஒரு முகம் இருக்கிறது என்பதற்காகவே நாம் காட்டும் தயக்கமும் இணக்கமும். அந்தத் தயக்கம் போலித்தனம் அல்ல. எதிரில் இருப்பவரைப் பற்றிக் கண்ணும் காதும் ஓயாமல் தரும் தகவலை வைத்து மனம் தன் பேச்சைத் திருத்திக்கொள்ளும் வேலை அது. எழுத்து அந்தத் தகவலைத் துண்டித்துவிடுகிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மின்னஞ்சலில் தாம் எழுதும் வாக்கியம் கிண்டலா உண்மையா என்பதைப் பெறுபவர் 78 விழுக்காடு சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். பெற்றவர்கள் சரியாகச் சொன்னது 56 விழுக்காடு, அதாவது காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். எழுதும்போது நம் காதில் ஒலிக்கும் நம் குரல் அடுத்தவருக்கும் கேட்கும் என்று எண்ணி ஏமாறுகிறோம். ஜூலியானா ஷ்ரோடர், நிக்கொலஸ் எப்லி உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தம்மோடு அரசியலில் மாறுபட்ட ஒருவரின் வாதத்தைக் குரலில் கேட்டவர்களைவிட, அதையே எழுத்தில் படித்தவர்கள் அந்த மனிதரைச் சிந்தனைத் திறன் குறைந்தவராக மதிப்பிட்டார்கள். சொற்கள் மாறவில்லை, குரல் இல்லாமல் போனபோது அந்த மனிதர்மீது இருந்த மதிப்பும் குறைந்தது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆசிரியையின் அந்த வாக்கியம் அவருடைய பள்ளித் தோழியை நோக்கி எழுதப்பட்டதே அல்ல. அதே துயரில் இருந்த சக ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் ஒரு மாதிரியும், வேலையிடத்தில் ஒரு மாதிரியும், பால்ய நண்பர்களிடம் வேறு மாதிரியும் பேசுவது மனித இயல்பு. சமூக ஊடகம் இந்தக் கூடங்களின் சுவர்களை எல்லாம் இடித்து எல்லோரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்டது. தமக்குச் சொல்லாததையும் தமக்கே சொன்னதாக ஒவ்வொருவரும் கேட்கிறார்கள்.

அந்தத் திண்ணையில் எது உரக்க ஒலிக்கும் என்பதையும் பதிவுகளை வரிசைப்படுத்தும் ஒரு கணினிப் பொறி தீர்மானிக்கிறது. வில்லியம் பிரேடியும் சக ஆய்வாளர்களும் துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஒருபால் திருமணம், பருவநிலை மாற்றம் ஆகிய மூன்று பொருள்கள் பற்றிய 5,63,312 ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். “வெட்கக்கேடு”, “கொடுமை” போல அறமும் உணர்ச்சியும் கலந்த ஒரு சொல் கூடும்போதெல்லாம் அந்தப் பதிவு பகிரப்படுவது சராசரியாக 20 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அந்தப் பரவல் பெரும்பாலும் தத்தம் அணிக்குள்ளேயே நின்றது. 2021இல் பிரேடி, மாலி குரோக்கெட் உள்ளிட்டோர் 7,331 பேரின் சுமார் 1 கோடியே 27 லட்சம் பதிவுகளைக் கொண்டு இன்னொன்றைக் காட்டினார்கள்: அறச்சீற்றத்தை எழுதியபோது விருப்பக்குறிகள் குவிந்தால், அவர்கள் அடுத்தடுத்த நாள்களிலும் அதையே கூடுதலாக எழுதினார்கள். தானியம் விழும் இடத்தைப் புறா மறுபடி மறுபடி கொத்துவது போன்ற எளிய கற்றல்தான் இது. ஃபேஸ்புக் நிறுவனமோ 2017 முதல் சில ஆண்டுகள், கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு விருப்பக்குறியைவிட ஐந்து மடங்கு எடை தந்தே பதிவுகளை வரிசைப்படுத்திவந்தது. கோபக் குறியின் எடை 2020இல்தான் பூச்சியமாக்கப்பட்டது.

இந்த ஆய்வுகளிலேயே என்னை மிகவும் வருத்தியது 2023இல் அதே ஆய்வாளர்கள் வெளியிட்டது. அரசியல் பதிவு ஒன்றை ஒருவர் எழுதிய சிறிது நேரத்தில் அவரிடமே, “இதை எழுதும்போது எவ்வளவு சீற்றத்தோடு இருந்தீர்கள்” என்று கேட்டார்கள். அதே பதிவை மற்றவர்களிடம் காட்டி, எழுதியவர் எவ்வளவு சீற்றத்தோடு இருந்திருப்பார் என்றும் கேட்டார்கள். எழுதியவர் உணர்ந்ததைவிட அதிகச் சீற்றத்தைப் படித்தவர்கள் அதில் கண்டார்கள். அரசியல் செய்திகளுக்காகச் சமூக ஊடகத்தில் அதிக நேரம் செலவிடுபவர்கள் இன்னும் அதிகமாகக் கண்டார்கள். ஆசிரியையின் பதிவில் ஊரில் இருந்த தோழி கண்ட வெறுப்பில் ஒரு பங்கு அவர் மனமே கூட்டிக்கொண்டது.

கடைசியில் யார் நீக்கப்படுகிறார்கள்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் கிறிஸ்டோபர் சிபோனா செய்த ஆய்வுகளின்படி, அதிகம் நீக்கப்படுபவர்கள் பள்ளிக்கால நண்பர்கள். முதன்மையான காரணம் அரசியல், மதம் பற்றிய பதிவுகள். தினமும் பார்க்காத, ஆனால் பார்த்தால் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கக்கூடிய உறவு அது. கல்லூரியிலும் வேலையிலும் கிடைக்கும் நண்பர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். பள்ளி நண்பர்களை ஊர் தந்தது, நாம் பொறுக்கி எடுக்கவில்லை. பிலடெல்பியா ஆசிரியைக்கு மான் வேட்டைக் குடும்பம் ஒன்றோடு இருந்த ஒரே தொடர்பு அந்தத் தோழியாகவே இருந்திருக்கலாம். அவர் போன பிறகு, துப்பாக்கி வைத்திருப்பவர் என்றால் அவருக்குத் தெரிந்த ஒரு முகம் நினைவுக்கு வராது. திரையில் கத்தும் அந்நியர்கள்தாம் வருவார்கள். அந்நியர்களின் மறுகருத்தைத் திரையில் காட்டினால் மனம் இளகும் என்று நம்பவும் இடமில்லை. 2018இல் வெளியான ஒரு சோதனையில், எதிரணிக் கருத்துகளை ஒரு மாதம் ட்விட்டரில் தொடர்ந்து பார்த்த குடியரசுக் கட்சியினர் முன்னைவிட இறுகிய பழமைவாதிகளாக மாறினார்கள்.

இளகச் செய்வது எது என்பதற்கும் தடயம் இருக்கிறது. எமிலி குபின், கர்ட் கிரே உள்ளிட்டோர் 2021இல் வெளியிட்ட 15 சோதனைகளில், துப்பாக்கி உள்ளிட்ட பொருள்களில் புள்ளிவிவரத்தை எடுத்து வைத்தவரைவிட, தனக்கு நேர்ந்ததைச் சொன்னவரையே எதிரணியினர் அதிகம் மதித்தார்கள். பட்ட துன்பத்தைச் சொன்னபோது மதிப்பு இன்னும் கூடியது. துன்பத்தைத் தவிர்க்க ஒருவர் எண்ணுவது எல்லோருக்கும் நியாயமாகப் படுகிறது. சோதனைக் கூடத்துக்கு வெளியேயும் ஒரு சான்று உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2009இல் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து, மனம் உடைந்த நிலையில் வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது என்று துண்டறிக்கைகள் உருவாக்கினார்கள். அந்த மாநிலத் துப்பாக்கிக் கடைகளில் ஏறக்குறையப் பாதியில் அவை வைக்கப்பட்டன. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் சட்டத்தைப் பற்றிய தங்கள் கருத்தை ஒருவருக்காக ஒருவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தோழிகளுக்கு அப்படி ஒரு மேசை கிடைக்கவில்லை. ஒருவர் நீக்கப்பட்டதை ஃபேஸ்புக் அவருக்கு அறிவிப்பதும் இல்லை. காட்டுக்குள் முதன்முதலாகப் போன திங்கட்கிழமையைப் பற்றி ஊரில் இருப்பவர் அடுத்த நவம்பரில் எழுதும்போது, அந்த விடுமுறையை நினைவில் வைத்திருக்கும் ஒருவருக்கு அது போய்ச் சேராது. எழுதியவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். தன் பிறந்தநாளன்று வழக்கமாக வரும் ஒரு வாழ்த்து வரவில்லையே என்று நினைக்கும் வரை.