பட்டாளம்: படையும் இல்லை, ஆளும் இல்லை

'அவர் பட்டாளத்தில் இருந்தவர்' என்றால் முழு ராணுவத்தையும் சொல்கிறோம். 'பிள்ளைப் பட்டாளத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள்' என்றால் வீடு கொள்ளாத கூட்டம். வடசென்னையில் பட்டாளம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. இவ்வளவு புழங்குவதால் 'படை'யும் 'ஆளு'ம் சேர்ந்த சொல் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் இது ஐரோப்பியரின் படை அலகான 'பட்டாலியன்' நம் வாயில் உருண்டு வந்த வடிவம். அதே சொல்தான் இந்தியில் 'பல்டன்' ஆனது என்பார்கள். லத்தீன் வேருக்குப் பொருள் 'அடித்தல்'.

இந்தியத் தரைப்படையின் மதராஸ் ரெஜிமென்ட்டுடைய போர் முழக்கமும் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!' என்பதுதான். தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்!

அந்த ரெஜிமென்ட் தன் தொடக்கமாகச் சொல்வது 1758-ஐ. ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சுக்காரர்களோடு போர் நடந்த நேரம். அதுவரை கம்பெனி என்னும் சிறு சிறு படைக்குழுக்களாகக் கிடந்த சிப்பாய்களை ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பட்டாலியன்களாகத் திரட்டினார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு 'போர்க்குலம்' என்றொரு கொள்கையை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். வடக்கத்தியர் சிலரே சண்டைக்குப் பிறந்தவர்களாம்! தெற்கில் ஆள் எடுப்பது தேய்ந்தது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே மதராஸ் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. இரண்டாம் போரில் ஆள் போதாமல் போனதும் அதே தெற்கத்தியரைக் கூப்பிட்டார்கள். கொள்கை எங்கே போனதோ. விடுதலைக்குப் பின் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானப் படைகளும் இதில் வந்து சேர்ந்தன. இன்று அதன் பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனில்.

சரி, பட்டாலியன், ரெஜிமென்ட் இரண்டையும் தமிழில் எப்படி எழுதுவது? பட்டாலியன் என்பது சில நூறு வீரர்கள் ஒன்றாக நின்று சண்டையிடும் அலகு. இந்தியக் காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது அப்படிப்பட்ட பல பட்டாலியன்களுக்குப் பொதுவான பெயர், சின்னம், மரபு. நாளிதழ்கள் இரண்டையுமே 'படைப்பிரிவு' என்று எழுதிவிடுவதால் எது எதுவென்று தெரிவதில்லை.

பழைய இலக்கிய உரைகள் சொல்லும் அறுவகைப் படையில் 'மூலப்படை' ஒன்று. வழிவழியாக வரும் படை என்று பொருள்; ரெஜிமென்ட்டின் உணர்வுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்றைய செய்தியில் 'மதராஸ் மூலப்படை' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ரெஜிமென்ட்டுக்குப் 'படையணி' போதும். பட்டாலியனுக்கு? 'பட்டாளம்' என்றே எழுதலாம். அதன் முதற்பொருளே அதுதானே.